எண்ணெய் எங்கே பிறக்கிறது?



தையல் இயந்திரத்தைப் பற்றியும் கிணற்று மோட்டாரைப் பற்றியும் இப்பகுதியில் எழுதியபோது வந்த மடல்களைவிட, மோட்டார் சைக்கிளைப் பற்றியும் எழுதுங்கள் எனக் கேட்டு வந்துள்ள மடல்கள் மிகுதி. அவற்றுள்ளும் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் கூறுகின்றன. எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது, பாக்கிங் மாற்றியாயிற்று, ஒரு வாரம் நின்றது, மீண்டும் ஒழுகுகிறது. எழுதியவர்களுள் கிளைக் கிராமங்களுக்குச் சென்றுவரும் உபதேசியார்கள் உளர். விடியற்காலையில் பால் கொண்டு செல்வோர் உளர். தம் கணவர் ஓட்டும் வண்டியை எண்ணிக் கவலையுறும் குடும்பத் தலைவியரும் உளர். வாசலில் இட்ட கோலத்தின்மேல் நாள்தோறும் கரும்புள்ளி விழுகிறதே என வருந்தி எழுதிய சகோதரி ஒருவரின் மடல் நமக்குப் புன்முறுவலை வருவித்தது. எனினும் இது கோலத்தோடு முடிந்துபோகும் காரியமன்று.

எண்ணெய் ஒழுகுவதால் வரும் கேடுகளில் ஒன்றை எல்லாரும் அறிவர். எண்ணெய் குறையக் குறைய, உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறி, ஒருநாள் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்களே, அதுதான். மற்றொன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடும் வண்டியில் ஒழுகும் எண்ணெய் நேரே தரையில் விழுவதில்லை. காற்று அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்று பின் சக்கரத்தின்மேல் பூசிவிடும். கணவர் ஓட்ட, மனைவி பின்னே அமர, நடுவிலே குழந்தை என மூவராய் ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! ஏரிக்கரை வளைவில் எண்ணெய் படிந்த டயர் வழுக்கினால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்க்கும்போது விரலில் எண்ணெய் பட்டால், அன்றைக்கு அவ்வண்டியை எடுக்கவே கூடாது என்பது நம் திடமான கருத்து.

இனி, கசிவைத் தேடும் முறைக்கு வருவோம். எண்ணெய் சொட்டும் இடம் வேறு. அது பிறக்கும் இடம் வேறு. பாக்கிங் மாற்றியும் ஒழுகல் நிற்காமைக்குப் பெரும்பாலும் இவ்வேற்றுமையை உணராமையே காரணம். எஞ்சினின் உச்சியில் ஒரு மூடியின் ஓரத்திலே கசிந்த துளி, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களின் வழியே இறங்கி, ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றிக்கொண்டு, கிராங்க் அறையின் அடியிலே வந்து சொட்டும். அடியிலே சொட்டுகிறது என்பதற்காக அடியிலுள்ள திருகை முறுக்குவோர் பலர். முறுக்கிய முறுக்கில் அலுமினியத்தின் மரை கழன்று, முன்பு இல்லாத ஓர் ஒழுகலும் வந்து சேரும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யப் பழகியவர்கள் நாம். விளைவோடு நில்லாமல் அதன் வேரைத் தேடுவது நமக்குப் புதிதன்று.

எடுத்துக்காட்டாக இங்கு நாம் கொள்வது பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட 350 புல்லட் வண்டியை. எண்ணெய் ஒழுகுவதற்குப் பெயர் பெற்றது அது. எண்ணெய் ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று பொருள் என அதை ஓட்டுவோரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான அவ்வண்டியை நம் நாட்டிலேயே செய்வதற்கென 1955ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. பின்பு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அவ்வண்டிகள் பிறந்தன. (அதே 1955ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே மாதம் 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார் என்பதை, கறை படிந்த கையோடு உழைக்கும் நம் மெக்கானிக் அன்பர்களுக்காக இங்கே குறித்து வைக்கின்றோம்.) அவ்வகை எஞ்சின் இப்போது செய்யப்படுவதில்லை. ஆயினும் தந்தையின் வண்டியை மகன் ஓட்டும் வழக்கத்தால் நம் ஊர்களில் இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இதனைப் படித்தறிந்தால் மற்ற வண்டிகளையும் படிப்பது எளிது.

பழைய புல்லட்டில் எண்ணெய் ஓரிடத்தில் இல்லை. மூன்று இடங்களில் தனித்தனியே இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்று, இடப்புறத்தில் கிளச்சையும் முதற்சங்கிலியையும் மூடியிருக்கும் பெட்டிக்கு ஒன்று, கியர்ப் பெட்டிக்கு ஒன்று. ஆகவே முதற்கேள்வி, ஒழுகுவது எந்த எண்ணெய் என்பதே. எஞ்சின் எண்ணெய் ஓடிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கியர்ப் பெட்டியில் மசகு கலந்திருப்பதால் அங்கிருந்து வருவது கெட்டியாய்ப் பிசுபிசுக்கும். சங்கிலிப் பெட்டியிலிருந்து வருவது அவ்வளவு கறுப்பாய் இராது. வண்டியை இரவு நிறுத்தும்போது அடியிலே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, முன் சக்கரமும் பின் சக்கரமும் நிற்கும் இடத்தைத் தாளில் கோடிட்டு வையுங்கள். காலையில் துளி விழுந்த இடத்தையும் நிறத்தையும் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மறுபாதிக்குத்தான் பொறுமை வேண்டும். எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் கொண்டு, உச்சி முதல் அடிவரை அழுக்கைப் போக்குங்கள். பெட்ரோலால் கழுவுவோர் உண்டு. அது தீயோடு விளையாடுவதாகும். பழைய துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்தி நன்றாக உலர விடுங்கள். பிறகு பிள்ளைகள் பள்ளியில் எழுதும் சாக்கட்டியைப் பொடித்து, அல்லது முகத்துக்குப் பூசும் பவுடரையே எடுத்து, ஐயத்துக்குரிய மூட்டுவாய்களிலெல்லாம் மெல்லிய துணியில் முடிந்து தட்டுங்கள். எஞ்சின் வெண்மையாகிவிடும். கார்புரேட்டரின் காற்று வாயருகே மட்டும் தூவ வேண்டா. இப்போது எஞ்சினை இயக்கி, நின்ற நிலையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெண்பொடியிலே எண்ணெய் எங்கே முதலில் கரும்புள்ளியிடுகிறதோ அங்கேதான் அது பிறக்கிறது. ஒரு கைவிளக்கும் பழைய முகக்கண்ணாடித் துண்டும் இருந்தால் சிலிண்டரின் பின்புறத்தையும் காணலாம். நின்ற நிலையில் ஒன்றும் தெரியவில்லையெனில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவந்து பாருங்கள். ஓட்டியபின் பார்க்கும்போது, நனைந்த இடங்களுள் எது எல்லாவற்றிலும் உயர்ந்ததோ, எது எல்லாவற்றிலும் முன்னே இருக்கிறதோ, அதையே கணக்கில் கொள்ள வேண்டும். காற்று எண்ணெயைப் பின்னுக்கே தள்ளும், முன்னுக்குத் தள்ளாது. இக்காலத்துப் பெரிய பட்டறைகளில் எண்ணெயிலே ஒரு சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கின் ஒளியில் காண்கிறார்கள். சாக்குப்பொடி அதற்கு அதிகம் குறைந்ததன்று.

இதைச் செய்வதற்கு முன் வேறொன்றையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் அறைக்கு ஒரு மூச்சுக்குழல் உண்டு. புல்லட்டின் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது, தனக்கு அடியிலுள்ள காற்றில் 346 கன சென்டிமீட்டர் அளவைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் எஞ்சினில் இது 2000 முறை நிகழும். அக்காற்று வெளியேறுவதற்கு வைத்த வழியே மூச்சுக்குழல். அதன் முனையில் வாத்தின் அலகுபோல் தட்டையான ரப்பர் ஒன்று இருக்கும். காற்று வெளியே வரும்போது அலகு திறக்கும். உள்ளே இழுக்கப்படும்போது மூடிக்கொள்ளும். இதனால் எஞ்சின் அறையில் அழுத்தம் சேராமல் இருக்கிறது. அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டாலும், குழல் மடங்கினாலும், சேறு அடைத்தாலும், நெடுநாள் நின்ற வண்டியில் குளவி கூடு கட்டினாலும், உள்ளே சேரும் அழுத்தம் ஏதேனும் ஒரு மூட்டுவாயைத் தேடிக்கொண்டு எண்ணெயோடு வெளிவரும். அந்த நிலையில் புத்தம் புதிய பாக்கிங்கும் தாங்காது. எண்ணெய் பல இடங்களிலிருந்து ஒரே வேளையில் வரத் தொடங்கினால் பாக்கிங்குகள் எல்லாம் ஒன்றுகூடிச் சதி செய்தன என எண்ணாதீர்கள், மூச்சுக்குழலைப் பாருங்கள்.

இவ்விடத்தில் ஓர் உபதேசியாரின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு கிளைக் கிராமங்கள் அவர் பொறுப்பில் உள்ளன. 1986ஆம் ஆண்டில் செய்யப்பட்ட புல்லட். அவருடைய தந்தையார் வாங்கியது. அவர் மனைவி நமக்கு எழுதியிருந்தார்: "எஞ்சினை இறக்க வேண்டும், போர் வாங்கிவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், ஐயா. அவர் கேட்கும் தொகைக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருக்கும் பணத்தைத்தான் எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்வீர்களா?"

ஒரு சனிக்கிழமை சென்று பார்த்தோம். எஞ்சின் முழுவதும் எண்ணெய். டாப்பெட் மூடியின் ஓரம், கிராங்க் அறையின் இரு பாதிகள் சேரும் கோடு, சிலிண்டரின் அடி என எங்கும் ஈரம். பின் டயரின் ஓரத்திலும் மினுமினுப்பு. ஆனால் புகைக்குழாயில் நீலப் புகை இல்லை. உதைகோலை மிதித்தால் காலை எதிர்த்துத் தள்ளும் பலமும் குன்றவில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிந்த வாயு அடியிலே இறங்கும் எஞ்சின் இவ்வாறிராது. ஆகவே வேறெதையும் தொடுமுன் உபதேசியாரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "எண்ணெயின் அளவை எப்போது பார்க்கிறீர்கள்?"

"வியாழக்கிழமை காலையில், ஐயா. ஞாயிறு மாலைக்குப் பின் வண்டியை எடுப்பதில்லை. மூன்று நாள் நின்றபின் எடுக்கும்போது மறவாமல் பார்த்துவிடுவேன். ஒவ்வொரு வாரமும் அளவுக்கோலில் குறைந்துதான் இருக்கும், ஊற்றிவிடுவேன்."

குறையின் வேர் அங்கேதான் இருந்தது. இவ்வகை புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி எஞ்சினின் வார்ப்பிலேயே ஓர் அறையாக அமைந்தது. ஏறக்குறைய இரண்டே கால் லிட்டர் கொள்ளும். இரு சிறு பம்புகளில் ஒன்று எண்ணெயைத் தொட்டியிலிருந்து கிராங்குக்கு அனுப்பும். மற்றொன்று அடியிலே சேர்வதை எடுத்து மேலேற்றித் தொட்டிக்கே திரும்பச் சேர்க்கும். பம்பின் முகம் தேய்ந்த வண்டியை நாட்கணக்கில் நிறுத்திவைத்தால், தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பின் வழியே மெல்ல வடிந்து கிராங்க் அறையில் தங்கிவிடும். அளவுக்கோல் குறைவைக் காட்டும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டினால் திரும்பும் பம்பு அதை மீண்டும் தொட்டியில் சேர்த்துவிடும். அதன்பின் பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும். நம் உபதேசியாரோ வாரந்தோறும் இல்லாத குறைவை நிரப்பிவந்தார். மிகுந்த எண்ணெய் மூச்சுக்குழல் வழியே வெளியே தெறித்தது. அது தெறிக்கத் தெறிக்க அவரும் ஊற்றினார்.

இத்தோடு நின்றிருந்தால் கேடு சிறிதே. மூச்சுக்குழலைத் தேடிப் பிடித்தபோது அதன் முனையில் ஒரு போல்ட் திணிக்கப்பட்டு, மேலே கம்பி சுற்றி இறுக்கப்பட்டிருந்தது! எண்ணெய் அவ்வழியே ஒழுகுகிறதென்று, யாரோ ஒருவர் எப்போதோ நல்லெண்ணத்துடன் அடைத்து வைத்திருக்கிறார். ஒழுகும் வாயை அடைத்தால் ஒழுகல் நிற்கும் என்பது குடத்துக்குப் பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது. வெளியேற வழியின்றிச் சேர்ந்த அழுத்தம் எல்லா மூட்டுவாய்களிலும் எண்ணெயைப் பிதுக்கியது. எல்லா இடத்திலும் ஒழுகுவதைக் கண்ட மெக்கானிக் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். அவரையும் நாம் பழிக்கவில்லை. வாசலில் நான்கு வண்டிகள் காத்து நிற்க, ஒரு வண்டியைக் கழுவி உலர்த்திப் பொடி தூவிப் பார்க்க அவருக்குப் பொழுதேது? அந்தப் பொழுதை வண்டிக்குரியவர்தாம் செலவிட வேண்டும்.

போல்ட்டைப் பிடுங்கி எறிந்தோம். அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, எண்ணெயை வடித்து, அளந்து, உரிய அளவு மட்டும் திரும்ப ஊற்றினோம். முக்கால் லிட்டர் மிஞ்சியது. புதிய அலகு ரப்பர் ஒன்று மாட்டினோம். கழுவி, பொடி தூவி, ஓட்டினோம். கிராங்க் அறையின் கோடு வெண்மை குன்றாமல் இருந்தது. சிலிண்டரின் அடியும் அவ்வாறே. டாப்பெட் மூடியின் கீழோரத்தில் மட்டும் ஒரு கரும்பிறை தோன்றி வளர்ந்தது. மூடியைக் கழற்றினால், அதன் ரப்பர் வளையம் பழைய வளையல்போல் இறுகி, விரலால் மடக்கியவுடன் ஒடிந்தது. அலகு ரப்பரும் அவ்வளையமும் சேர்ந்து ஒரு கிலோ கோழிக்கறியின் விலைகூட ஆகவில்லை. மறு சனிக்கிழமை மீண்டும் சென்று பார்த்தோம். செய்தித்தாளில் ஒரே ஒரு துளி, அதுவும் கியர்ப் பெட்டியின் கீழே. கல்லூரிக் கட்டணம் கல்லூரிக்கே சென்றது. பம்பின் தேய்ந்த முகத்தை மென்மையான தேய்ப்புக் குழம்பிட்டு இசைவிக்கும் வேலையை, அவசரமின்றிக் கோடைக்கு ஒத்திவைத்திருக்கிறார்.

மூட்டுவாய்தான் பழுது என்று உறுதியானால் என்ன செய்வது என்பதையும் கூறிவிடுவோம். பழைய பாக்கிங்கைத் திருப்புளியின் முனையால் சுரண்டுவது நம் நாட்டுப் பட்டறைகளின் தீராத வழக்கம். அலுமினியம் மிருதுவானது, திருப்புளி இடும் ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு வெட்டிய வாய்க்கால். கரைப்பான் தடவி ஊறவிட்டு, மூங்கில் பட்டையையோ கெட்டியான பிளாஸ்டிக்கையோ கொண்டு வழித்தெடுங்கள். மிகப் பழைய வண்டிகளின் பாக்கிங்குகளிற் சில கல்நார் கலந்தவை. அவற்றைக் காய்ந்த நிலையில் சுரண்டி அந்தத் தூசியைச் சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு. நனைத்தே எடுக்க வேண்டும். மூடியின் முகம் வளைந்திருக்கிறதா எனக் காண, கனமான கண்ணாடித் துண்டின்மேல் அதைக் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், அக்கண்ணாடியின்மேலேயே மெல்லிய உப்புத்தாளை விரித்து, எட்டு எழுதுவதுபோல் தேய்த்துச் சமனாக்கலாம். திருகுகளை ஒருபுறத்திலிருந்து வரிசையாக இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

சங்கிலிப் பெட்டியின் மூடியை ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று அந்நட்டை வெறிகொண்டு முறுக்குவோர் மூடியை வளைத்துவிடுவார்கள். அங்கே அடைப்பது முறுக்கின் பலமன்று, ஓரத்திலுள்ள ரப்பர் வளையம். வளையம் நல்லதாயின் மிதமான இறுக்கமே போதும். ராக்கர்களுக்கு எண்ணெய் ஏற்றும் வெளிக்குழாய்களின் மூட்டுகளில் செப்பு வளையங்கள் உண்டு. அவை பலமுறை நசுங்கியதால் கடினப்பட்டிருக்கும். புதியவை கிடைக்காவிடில், கம்பியில் கோத்து அடுப்புத் தணலில் மங்கலாய்ச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மீண்டும் மிருதுவாகிவிடும். புளியிட்டுத் தேய்த்தால் பளபளப்பும் வரும், பொருந்தும் முகமும் தூய்மையாகும். இதை நம் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டுவதில்லை.

இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சிலிக்கோன் பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது நல்ல பொருள்தான்; ஆனால் ரொட்டிக்கு ஜாம் தடவுவதுபோல் தடவுகிறார்கள். இறுக்கும்போது வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. உள்ளே பிதுங்கியது நாளடைவில் பிய்ந்து எண்ணெயோடு பயணம் செய்து, எண்ணெய் செல்லும் சிறு துளையில் போய் அமர்ந்துகொள்ளும். வெளியே சொட்டிய துளியை நிறுத்தப் போய் உள்ளே போகும் எண்ணெயை நிறுத்தியதாக முடியும். ஈரமான தாளின் கனத்துக்குமேல் பசை வேண்டா.

சுழலும் தண்டுகளின் வாயிலுள்ள ஆயில் சீல்கள் வேறு இனம். அவற்றின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தொட்டுத்தான் மாட்ட வேண்டும். புது சீல் போட்டும் ஒழுகினால் தண்டின்மேல் நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய உதடு அரித்த பள்ளம் நகத்தில் தட்டுப்படும். அப்படியாயின் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை.

புதிய வண்டிகளை ஓட்டும் அன்பர்களுக்குச் சில சொற்கள். 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். இவற்றில் கியர் மாற்றும் தண்டின் சீல், சிறிய பற்சக்கரத்தின் பின்னுள்ள சீல், டாப்பெட் மூடிகளின் ரப்பர் வளையங்கள், எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெய் மாற்றிய மறுநாளே ஒழுகத் தொடங்கியதெனில் கடைசியிற் சொன்னதுதான் பெரும்பாலும் குற்றவாளி. சங்கிலிக்கு அளவின்றி எண்ணெய் விட்டு, அது தெறித்துப் பற்சக்கர மூடியில் சேர்ந்து சொட்டுவதை எஞ்சின் கசிவென எண்ணி அஞ்சியவர்களும் உளர். இன்னொன்று, எந்த வண்டிக்கும் பொருந்துவது: எண்ணெயின் அளவு குறைவதற்கு மாறாக ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்குமாயின், எஞ்சினைத் தொடவே வேண்டா. பெட்ரோல் எண்ணெயோடு கலந்திருக்கிறது. நேரே மெக்கானிக்கை அழையுங்கள்.

எல்லாக் கசிவையும் நிறுத்தியே தீர வேண்டுமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டுவதில்லை. பழைய எஞ்சினின் மூட்டுவாயில் வியர்த்தாற்போல் ஈரம் தோன்றி, தூசி ஒட்டி, சொட்டாமல் நின்றால் துடைத்துவிட்டு ஓட்டலாம். கிராங்க் அறையின் இரு பாதிகளைப் பிரித்தாலன்றி நிறுத்த முடியாத கசிவுக்காக, வேறு காரணமின்றி எஞ்சினை இறக்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம். நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபின் அது முன்போல் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் சொட்டு டயரை எட்டுமாயினும், வாரத்துக்கு வாரம் அளவு குறையுமாயினும் அதற்கு விலக்கில்லை.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை என்ன செய்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வேலியோரம் ஊற்றிவிடுவதும், கறையானுக்கென்று கதவு நிலையில் பூசுவதும், சொறி பிடித்த நாய்க்குத் தடவுவதும் நம் ஊர்களில் வழக்கம். எஞ்சினில் எரிந்து வந்த எண்ணெயில் தோலுக்கும் உயிருக்கும் கேடு செய்யும் பொருள்கள் சேர்ந்திருக்கும். அவ்வாயில்லா உயிர் அதை நக்கித் துன்புறும். மண்ணில் ஊற்றியது மழையோடு கிணற்றுக்கு வரும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகள் இதனை அபாயக் கழிவென்றே வகுத்துள்ளன. படைப்பனைத்தையும் நம் பொது இல்லமெனப் போற்றுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய சுற்றுமடலை நம் பங்கு மன்றங்களில் படித்திருக்கிறோம். மூடியுள்ள ஒரு கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிச் செல்லும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். எண்ணெய்த் துணியைச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பாக்கிங் மாற்றிய வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், எஞ்சின் நன்றாக ஆறிய வேளையில், திருகுகளை ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். மீண்டும் ஒருமுறை பொடி தூவிப் பார்ப்பதும் நன்று. அடுத்த இதழில் சங்கிலியையும் பற்சக்கரங்களையும் பற்றி எழுதுவோம். அதற்குரிய ஐயங்களை இம்மாத இறுதிக்குள் எழுதியனுப்புங்கள். வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்க மறவாதீர்கள்.